சூரியனைக் கழுவிய மகன்: பள்ளி – கடை வேலைப் பயிற்சி எப்படி இருக்கிறது?

என் மகன் நான்காம் படிவம், அதாவது பள்ளியில் பத்தாவது வருஷம். பள்ளி மூலமாக இரண்டு ஏர்கோன் (ஏ.சி.) கடைகளில் வேலைப் பயிற்சிக்குப் போனான். முதல் கடையில் இரண்டு வாரம், இரண்டாவது கடையில் விடுமுறை நாளும் சனிக்கிழமைகளும் சேர்த்து இருபத்தெட்டு நாள். பிள்ளையை இதில் சேர்க்கலாமா என்று என் ஃபேக்டரி பஸ்ஸிலேயே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். பள்ளியின் பெயரும் கடைகளின் பெயரும் வேண்டாம். பையன் இன்னும் ஒரு வருஷம் அங்கே படிக்க வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. நான் மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் 1998-இல் ஆப்பரேட்டராகச் சேர்ந்தவள். ஐந்தாம் படிவத்தில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வு முடித்த கையோடு உள்ளே போனேன், இன்னும் வெளியே வரவில்லை. வீடு பாடாங் தெம்பாக் அடுக்குமாடியில். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். பெரியவனுக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஆனால் வீட்டில் ஃபேன் நின்றால் ஸ்குரூ டிரைவரோடு நாற்காலி மேல் ஏறிவிடுவான். மூன்றாம் படிவம் முடிந்ததும் பள்ளியில் ஏர்கோன் பிரிவு இருக்கிறது என்றார்கள். எஸ்.பி.எம்.மும் எழுதலாம், எஸ்.கே.எம். திறன் சான்றிதழும் எடுக்கலாம், நடுவில் கடைகளில் பயிற்சியும் உண்டு. சேர்த்தோம். மாமியார் மட்டும், "படிக்கிற வயசுல கூலி வேலையா?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடுகிற நாளுக்கு அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி மண்டபத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். தலைமையாசிரியர் பேசினார், கடை முதலாளிகள் நான்கு பேர் வரிசையில் நின்று கை குலுக்கினார்கள், பையன்களுக்குப் புது டி-சட்டை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கறிபாப்பும் மீஹூனும் நன்றாக இருந்தன. பாதுகாப்பு, ஒழுக்கம், எதிர்காலம் என்று எல்லாம் பேசினார்கள். பையனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற ஆள் யார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் அன்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் கடை பெரியது. நாலு வேன், வரவேற்பு மேசை, கண்ணாடிக் கதவு. பையன் காலை எட்டரைக்குப் போவான், சாயங்காலம் முகம் வாடி வருவான். "என்னடா செஞ்ச?" என்றால், "ஒண்ணுமில்லைம்மா" என்பான். ஒன்றுமில்லை என்பது உண்மைதான். பத்தாவது நாள் அவன் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பள்ளி கொடுத்தது அது. தினமும் என்ன செய்தான் என்று மலாயில் எழுத வேண்டும், கடையில் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் நாள்: வேன் கழுவினேன். இரண்டாம் நாள்: வேன் கழுவினேன், பெட்டி அடுக்கினேன். மூன்றாம் நாள்: வேன். இப்படியே போய், எட்டாம் நாள் ஒரு வரி: "இன்று சூரியனைக் கழுவினேன்."

அதற்கும் பக்கத்தில் அழகாகக் கையெழுத்து, கடை முத்திரை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. "ஏண்டா இப்படி எழுதின?" என்றேன். "யாராவது படிக்கிறாங்களான்னு பார்த்தேன்மா" என்றான். கணக்கெழுதுகிற பெண் சாயங்காலம் எல்லா நோட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தள்ளுவாளாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அது அவள் வேலையே இல்லை. அவள் தலையில் யாரோ கட்டியிருக்கிறார்கள்.

வேன் கழுவுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. நானும் முதல் மாதம் மேசை துடைத்தவள்தான். ஆனால் எங்கள் லைனில் ஒரு முறை இருந்தது. முதல் வாரம் முழுக்க ஒரு சீனியர் அக்கா பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுகிற மெஷின். மைக்ரோஸ்கோப்பில் அவர் பார்ப்பார், நகர்வார், நான் பார்ப்பேன். கையில் எர்த் வளையம் போடாமல் உட்கார்ந்தால் முதுகில் ஒரு தட்டு. அப்புறம் பரீட்சை. எந்த மெஷினில் தேறினேனோ அதன் ஸ்டிக்கர்தான் என் பேட்ஜில் ஒட்டும். ஸ்டிக்கர் இல்லாத மெஷினில் கை வைத்தால் அன்றைக்குத் தொலைந்தோம். அந்த அக்கா கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டிக்கர். நான் கெடுத்தால் அவர் பேரும் கெடும். அதனால்தான் அவர் என்னை விடாமல் பார்த்துக்கொண்டார்.

முதல் கடையில் இந்த அக்கா இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பதினோராவது நாள் நடந்ததைத்தான் நான் மன்னிக்கவில்லை. ஆள் குறைவு என்று பையனை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு கொண்டோ அடுக்குமாடிக்குப் போயிருக்கிறார்கள். இரவு ஒன்பதே காலுக்கு வீடு வந்தான். போனில் அவன் கூட்டாளி எடுத்த படம் ஒன்றைக் காட்டினான், பெருமையாக. ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை சாய்ந்து கம்ப்ரசர் தாங்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை. கீழே கார்கள் தீப்பெட்டி மாதிரி தெரிகின்றன. நான் சத்தம் போடவில்லை, போனை வாங்கி அந்தப் படத்தை எனக்கு அனுப்பிக்கொண்டேன்.

அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். நம் நாட்டில் குழந்தைகளும் இளையோரும் வேலை செய்வதற்கு 1966-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவரை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, நாளுக்கு 7 மணி நேரம், பள்ளி நாள் என்றால் பள்ளி நேரத்தையும் சேர்த்து 8 மணி நேரம், நாலு மணி நேரம் தொடர்ந்து செய்தால் அரை மணி ஓய்வு. பயிற்சி வேறு, வேலை வேறு என்று கடைக்காரர் சொல்லலாம். சொன்னார்கள் கூட. பையனின் முதுகெலும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

காலையில் பொறுப்பாசிரியருக்குப் போன் போட்டேன். "சார், இதைப் பாருங்க" என்று படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார். "அம்மா, அந்தக் கடை மூணு வருஷமா நம்ம கூட இருக்கு. எடுத்துட்டா வேற இடம் கிடைக்கிறது கஷ்டம்…" என்று ஆரம்பித்தார். "அப்ப என் பையனை வீட்டிலயே வச்சிக்கிறேன் சார்" என்றேன். அன்று மாலையே கடைக்குப் போய்ப் பேசி, பையனைத் திரும்பக் கூட்டிவந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆசிரியருக்கு வாரத்துக்கு இருபத்தைந்துக்கு மேல் பாடவேளை. பதினெட்டுப் பையன்களை ஒன்பது இடத்தில் போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் அவரே எல்லாக் கடைக்கும் ஓட வேண்டும். பெட்ரோல் காசு கொடுக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்.

இரண்டாவது கடை ஜெலுத்தோங்கில் ஒரு பழைய கடை வீட்டின் கீழ்த்தளம். உள்ளே போனால் செம்புக் குழாயும் பழைய ஃபேன் சக்கரங்களும் காலில் இடறும். கழிப்பறையைப் பற்றிப் பேச வேண்டாம். தவுக்கே, அதாவது சீன முதலாளி, அறுபதைத் தாண்டியவர். ஹொக்கியன் சீனத்தில் திட்டுவார், மலாயில் சமாதானம் செய்வார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "என் பையனுக்கு யார் சொல்லிக்கொடுப்பாங்க?" என்று மலாயில் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. உள்பக்கம் திரும்பி ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார். நம்ம தமிழ் ஆள் ஒருத்தர் கை துடைத்துக்கொண்டு வந்தார். அங்கே பத்தொன்பது வருஷமாக இருக்கிறாராம். பையன் அவரை அண்ணன் என்கிறான், நானும் அப்படியே சொல்கிறேன்.

அண்ணன் முதல் நாள் பையனிடம் கொடுத்தது ஒரு சாக்கு நிறைய வெட்டிப்போட்ட செம்புக் குழாய். இருபது ஃப்ளேர் சரியாக வந்த பிறகுதான் வாடிக்கையாளர் வீட்டுக் குழாயைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார். ஃப்ளேர் என்றால் குழாயின் வாயைக் குடை மாதிரி விரிப்பது. அந்த விரிப்பு நட்டுக்குள் போய் இறுக உட்கார்ந்தால் கேஸ் கசியாது, கோணலாக இருந்தால் கசியும். பையன் துண்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து சமையலறை மேசையில் உட்கார்ந்துவிட்டான். நான் வெங்காயம் நறுக்க இடமில்லை.

முதல் குழாயை வெட்டினான், வாயைச் சுரண்டினான், அச்சில் பூட்டித் திருகினான், அழகாக விரிந்தது. எடுத்து எனக்குக் காட்டினான். அப்புறம் மேசையைப் பார்த்தான். நட்டு மேசை மேலேயே இருக்கிறது. விரித்த வாய் வழியாக நட்டு போகாது. விரிப்பதற்கு முன்னாலேயே மாட்டியிருக்க வேண்டும். வெட்டி எறிந்துவிட்டு மறுபடி. மூன்றாவது துண்டில் மறுபடி மறந்தான். மறுநாள் இதை அண்ணனிடம் சொன்னபோது, "நானும் பத்தொன்பது வருஷமா வருஷத்துக்கு ஒரு தடவை மறக்கிறேன்" என்றாராம்.

ஏழாவது துண்டு எனக்குச் சரியாகப் படவில்லை. இத்தனை வருஷம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த கண் சும்மா இருக்குமா? போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தேன். விளிம்பின் உள்பக்கம் நூல் மாதிரி ஒரு பிசிறு, குழாய்க்குள்ளே நாலைந்து செம்புத் துகள். "எப்படிச் சுரண்டின?" என்றேன். குழாயின் வாயை மேலே பார்க்க வைத்துச் சுரண்டியிருக்கிறான். துகள் உள்ளேதானே விழும்? கவிழ்த்துப் பிடித்தால் கீழே விழுந்துவிடும். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அண்ணன் சொன்னாரும்மா, நான்தான் கவனிக்கல." அந்தத் துகள் கம்ப்ரசருக்குள் போனால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் எனக்கு வகுப்பெடுத்தான். பள்ளிப் பாடத்தைப் பற்றி இவன் வாயிலிருந்து அரை மணி நேரம் வந்து நான் கேட்டதே இல்லை.

இந்த விஷயத்தில் பினாங்கு ஒன்றும் புது ஊர் இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலம் தொடங்கியபோது இன்டெல், எச்.பி., ஏ.எம்.டி. என்று எட்டு கம்பெனிகள் முதலில் வந்தன. 1989-இல், ஆள் பிடிப்பதில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்ட கம்பெனிகளே மாநில அரசோடு சேர்ந்து பி.எஸ்.டி.சி. என்கிற திறன் பயிற்சி மையத்தை ஆரம்பித்தன. எங்கள் லைனிலிருந்தும் சிலரை அங்கே அனுப்பினார்கள். நானும் ஒரு தடவை போயிருக்கிறேன், இரண்டு நாள், மதியச் சாப்பாடு பிரமாதம். எங்கள் கம்பெனி ஜெர்மன்காரர்களுடையது. பயிற்சிப் பிரிவில் இருக்கிற மேனேஜர் ஒருமுறை சொன்னார்: அவர்கள் ஊரில் பயிற்சிப் பிள்ளைகளை எடுக்கிற கம்பெனியில், சொல்லிக்கொடுப்பதற்கென்றே தேர்வு எழுதித் தேறிய ஆள் இருக்க வேண்டுமாம். அந்த முறையைப் பார்த்துத்தான் நம் அரசாங்கமும் 2005-இல் எஸ்.எல்.டி.என். என்கிற பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் எழுபது, எண்பது விழுக்காடு வேலை இடத்திலேயே கற்க வேண்டும், கம்பெனியிலும் பயிற்றுநர் இருக்க வேண்டும். என் மகன் போனது அந்தத் திட்டம் இல்லை, பள்ளியும் கடையும் தங்களுக்குள் பேசி நடத்துவது. சின்னக் கடைக்காரரிடம் போய்த் தேர்வு எழுதிய ஆள் எங்கே என்று கேட்டால் தவுக்கே என்னை ஹொக்கியனில் திட்டுவார். ஒரே ஒரு ஆளின் பெயரையாவது காகிதத்தில் எழுதச் சொல்லலாமே. பள்ளியின் ஒப்பந்தத்தை இரண்டாம் தடவை எடுத்துப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை இருக்கிறது, அந்தப் பெயரை எழுத ஒரு கோடு இல்லை.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் கடையில் ஒன்றும் இல்லை, டி-சட்டைதான். இரண்டாவது கடையில் ஒரு நாளைக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), மதியம் பக்கத்துக் கடையில் சாப்பாடு. காசு இரண்டு தடவை தாமதமாக வந்தது. ஞாபகப்படுத்தினால் கொடுத்துவிடுவார்.

ஒருநாள் ஒரு வீட்டில், ஏர்கோனைக் கழுவும்போது அடியில் கட்டுகிற தண்ணீர் பையைச் சரியாகக் கட்டாமல், கழுவிய கறுப்புத் தண்ணீர் முழுவதும் அந்த வீட்டு மெத்தையில் கொட்டிவிட்டது. என் பையன் கட்டிய முடிச்சுதான். தவுக்கே மெத்தை கழுவக் காசு கொடுத்துவிட்டு வந்து, பையனிடமிருந்து ஒரு காசும் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த மூன்று நாள் பை கட்டுகிற வேலையைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் கட்டுவான். குறிப்பேட்டில் அண்ணன் அதையும் எழுத வைத்திருக்கிறார்: "பை அவிழ்ந்தது, காரணம் முடிச்சு." பக்கத்தில் அவர் கையெழுத்து. எழுத்துப்பிழையைக்கூட அடித்துத் திருத்தியிருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. விடுமுறை முழுக்கக் கடை என்றால் புத்தகத்தைத் திறக்க ஏது நேரம்? பஹாசா மலாயு (மலாய் மொழி), செஜாரா (வரலாறு) இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அண்ணன் சொல்லிக்கொடுத்த ஃப்ளேர் செஜாராவுக்கு உதவாது. கடைசித் தேர்வில் இவன் செஜாரா 31. இப்போது ஞாயிறு காலையில் என் தங்கை மகள் வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். இன்னொரு வருத்தம், இந்தப் பிரிவில் சேர்ந்ததும் அட்டவணையில் இடமில்லை என்று தமிழ்ப் பாடத்தை விட வேண்டியதாயிற்று. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தவன். பள்ளியில் கேட்டால், வெளியே வகுப்பு எடுத்துத் தேர்வு எழுதட்டும் என்கிறார்கள். வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்களோ தெரியவில்லை.

மதிப்பெண் கொடு என்றால் முதல் கடைக்குப் பத்துக்கு ஒன்று, அதுவும் அந்த மீஹூனுக்காக. இரண்டாவது கடைக்கு எட்டரை, கழிப்பறைக்கு ஒன்றரை குறைத்தேன். திட்டத்துக்கு மொத்தமாக எவ்வளவு கொடுப்பது என்று எனக்குப் புரியவில்லை. ஒரே பள்ளி, ஒரே ஒப்பந்தம், ஒரே குறிப்பேடு. சீட்டு எந்தக் கடைக்கு விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் சேர்க்க நினைப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், காலை பத்து மணி வாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கடைக்குப் போங்கள். யார் சொல்லிக்கொடுப்பார் என்று கேளுங்கள். "எல்லாரும் பாத்துக்குவாங்க" என்று பதில் வந்தால் பையனை அழைத்துக்கொண்டு ரோட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். உயரத்தில் வேலை உண்டா, பெல்ட் இருக்கிறதா, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். மூஞ்சியைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறை ஏர்கோனைப் பையனே கழட்டிக் கழுவினான். அதிலிருந்து வந்த தண்ணீர் காப்பி மாதிரி இருந்தது. இத்தனை நாள் அதைத்தான் மூச்சு விட்டோமா என்று வீட்டுக்காரர் கேட்டார். விஷயம் பரவி, பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். "தம்பி, எங்க வீட்டு ஏர்கோன் குளிர மாட்டேங்குது. கேஸ் கொஞ்சம் ஏத்தி விடேன், நாப்பது வெள்ளி தர்றேன்."

பையன் போய்ப் பார்த்தான். அப்புறம் வந்து நின்று, "அக்கா, கேஸ் தானா தீராது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ கசியுது. ஓட்டையை அடைக்காம ஏத்தினா மறுபடி போயிடும்" என்றான். "சரி, ஓட்டையைப் பார்த்து அடைச்சிட்டு ஏத்து" என்றார் அக்கா.

"கழுவித் தரேன்கா. கேஸை நான் தொடக்கூடாது, அண்ணன் இன்னும் அதுக்குக் கையெழுத்துப் போடல."